டிமென்ஷியா உள்ள அம்மாவுக்குக் காப்பகம் தேடும்போது எதைப் பார்க்க வேண்டும்?

அம்மாவுக்கு டிமென்ஷியா என்கிற மறதி நோய், ராத்திரியில் எழுந்து கதவைத் திறந்துகொண்டு கிளம்பிவிடுகிறார், வீட்டில் வைத்துப் பார்ப்பது இனி நடக்காது, மூன்று காப்பகங்களைப் போய்ப் பார்த்தாயிற்று, மூன்றும் நன்றாகத்தான் இருக்கின்றன, எதை வைத்து முடிவெடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். முதியோர் பராமரிப்பில் நெடுங்காலம் நர்ஸாக இருந்து பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகவே போகும்.

மூன்றும் நன்றாகத் தெரிந்ததில் ஆச்சரியமில்லை. முன்கூட்டியே போன் பண்ணிவிட்டுக் காலை 11 மணிக்குப் போனால் எந்தக் காப்பகமும் நன்றாகத்தான் இருக்கும். எல்லோரையும் குளிப்பாட்டி, துணி மாற்றி, ஹாலில் உட்கார வைத்திருப்பார்கள், மேனேஜர் கூடவே வந்து சுற்றிக் காட்டுவார், டியூட்டியில் ஆட்கள் அதிகம் இருக்கும் நேரமும் அதுதான். இடத்தின் லட்சணம் தெரிய வேண்டுமானால் அங்கே வேலை கஷ்டமாகும் நேரத்தில் போக வேண்டும். டிமென்ஷியா காப்பகத்துக்கு அது சாயங்காலம். பொழுது சாயச் சாயப் பலருக்குக் குழப்பமும் பதற்றமும் கூடும், சன்டவுனிங் என்பார்கள். பல இடங்களில் ஷிஃப்ட் மாறுவதும், ராத்திரிச் சாப்பாட்டு வேலை தொடங்குவதும், காலையிலிருந்து நின்ற ஆட்கள் களைத்துப் போவதும் கிட்டத்தட்ட அதே நேரத்தில்தான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்றால் இன்னும் நல்லது, மேனேஜர் இருக்க மாட்டார். சொல்லாமல் போங்கள். மற்றவர்களின் அறைக்குள் விட மாட்டேன் என்றால் அது நியாயம், அவர்களுக்கும் அந்தரங்கம் உண்டு. ஹாலில் அரை மணி நேரம் உட்காரக்கூட விட மாட்டேன் என்றால் அந்த இடத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம்.

ஹாலில் உட்கார்ந்தால் எப்படியும் ஒருவர் "வீட்டுக்குப் போகணும், நேரமாச்சு" என்று கதவுப் பக்கம் நடப்பார். அப்போது பணியாளர் என்ன செய்கிறார் என்று மட்டும் பாருங்கள், வேறெதையும் பார்க்க வேண்டாம். "இதுதான் உங்க வீடு, எத்தனை தடவை சொல்றது" என்று வாதாடுகிறாரா, கையைப் பிடித்து இழுத்து உட்கார வைக்கிறாரா, காதில் விழாத மாதிரி போனைப் பார்க்கிறாரா, அல்லது கூடவே நாலடி நடந்து, "வீட்ல யார் காத்துக்கிட்டு இருக்காங்க?" என்று பேச்சுக் கொடுத்து, பேசிக்கொண்டே வேறு பக்கம் அழைத்துப் போகிறாரா? வீட்டுக்குப் போகணும் என்பவர் பல சமயம் முகவரி கேட்பதில்லை, பயமாக இருக்கிறது என்றோ, பாத்ரூம் போக வேண்டும் என்றோ, தன் பிள்ளைகள் இன்னும் சின்னக் குழந்தைகள் என்று நினைத்துக்கொண்டோ சொல்கிறார். வாதாடினால் அவர் தோற்பார், தோற்றால் கோபம் வரும், கோபம் வந்தால் "முரட்டுத்தனம்" என்று ரெஜிஸ்டரில் எழுதி மாத்திரை கேட்பார்கள். இந்த ஒரு சங்கிலியை அறுக்கத் தெரிந்த ஆட்கள் இருக்கும் இடம்தான் நல்ல இடம், மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

இடம் தேடுவதற்கு முன்னால் உங்கள் கையில் ஒரு விஷயம் இருக்க வேண்டும், அம்மாவுக்கு இருப்பது எந்த வகை டிமென்ஷியா என்பது. டிமென்ஷியா உள்ளவர்களில் 60 முதல் 70 சதவீதம் பேருக்குக் காரணம் அல்சைமர் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, அதனால் பல காப்பகங்கள் எல்லோரையும் அல்சைமர் என்றே நினைத்து நடத்தும். ஆனால் ரத்தக்குழாய் அடைப்பால் வருவது பல சமயம் மாடிப்படி மாதிரி, திடீர் திடீரென்று ஒவ்வொரு படியாக இறங்கும். நெற்றிப்பகுதி மூளையில் தொடங்கும் வகை பெரும்பாலும் 45லிருந்து 65 வயதுக்குள்ளேயே ஆரம்பித்து, ஞாபகத்தைவிட நடத்தையையும் பேச்சையும் முதலில் கெடுக்கும். நல்ல உடல் பலத்தோடு, கூச்சம் போய், யார் தட்டிலும் கை வைக்கிற 58 வயது மனிதரைப் பார்த்துக்கொள்ள 85 வயதுப் பாட்டிகளுக்காக அமைத்த இடம் திணறும். இன்னொன்று லூயி பாடி டிமென்ஷியா. இல்லாத ஆட்கள், குழந்தைகள், பூச்சிகள் கண்ணுக்குத் தெரியும், நடை பார்க்கின்சன் மாதிரி தளரும், ஒரு நாள் தெளிவாகவும் மறுநாள் குழப்பமாகவும் இருப்பார்கள். இவர்களுக்கு ஹாலோபெரிடால் போன்ற மனநோய் மருந்தைக் கொடுத்தால் உடம்பு இறுகி, நினைவு மங்கி, உயிருக்கே ஆபத்தாகலாம். அம்மாவுக்கு இந்த வகை என்று சொல்லியிருந்தால், "லூயி பாடி உள்ளவங்களைப் பார்த்திருக்கீங்களா, எந்த மருந்தைக் கொடுக்கக் கூடாது?" என்று அங்குள்ள நர்ஸிடம் கேளுங்கள். பெயர் தெரியாவிட்டால்கூடப் பரவாயில்லை, "டாக்டர்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன், ஃபைல்ல சிவப்புல எழுதி வைக்கிறோம்" என்று சொன்னால் போதும். "எல்லாம் ஒண்ணுதாங்க" என்றால் கிளம்பிவிடுங்கள்.

அடுத்து, எந்த இடத்திலும் தவறாமல் கேட்க வேண்டிய ஒரு கேள்வி: "நேத்து வரைக்கும் அமைதியா இருந்தவங்க இன்னைக்குத் திடீர்னு கத்துறாங்க, அடிக்கிறாங்க. முதல்ல என்ன செய்வீங்க?" டிமென்ஷியா பெரும்பாலும் மெதுவாகத்தான் கூடும். ஒரே நாளில், ரெண்டே நாளில் ஆள் மாறிப்போனால் உடம்பில் வேறு ஏதோ நடக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும், மூத்திரத் தொற்று, நெஞ்சுச் சளி, மலச்சிக்கல், தண்ணீர் குடிக்காதது, புதிதாகச் சேர்த்த மாத்திரை, எங்கேயோ விழுந்து சொல்லத் தெரியாமல் இருக்கிற எலும்பு முறிவு, இப்படி ஏதாவது. சளி, அரிப்புக்குக் கொடுக்கும் பழைய வகை ஒவ்வாமை மாத்திரைகளும், சிறுநீர் அடக்க முடியாததற்குக் கொடுக்கும் சில மாத்திரைகளும்கூட இவர்களின் குழப்பத்தைக் கூட்டும். ஆகவே நல்ல பதில் எப்படி இருக்கும் என்றால், காய்ச்சல் பார்ப்போம், கடைசியா எப்ப மோஷன் போனாங்கன்னு பார்ப்போம், மூத்திரம் போகிறதா என்று பார்ப்போம், வலி இருக்கான்னு பார்ப்போம், டாக்டரைக் கூப்பிடுவோம், உங்களுக்குப் போன் பண்ணுவோம். மோசமான பதில் ஒரே வரிதான்: "அதுக்கு ஊசி இருக்கு."

அந்த ஊசி, மாத்திரை விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் காப்பகங்களில் நடக்கும் பெரிய தவறு சத்தம் இல்லாமல் இங்கேதான் நடக்கிறது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2005ல், டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்கு மனநோய் மருந்து கொடுத்துப் பார்த்த 17 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தது. மருந்து எடுத்தவர்கள் இறக்கும் வாய்ப்பு வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிட 1.6 முதல் 1.7 மடங்கு அதிகம் என்று தெரிந்து, அந்த மருந்துகளுக்கு மிகக் கடுமையான எச்சரிக்கையைப் போட்டது. 2008ல் பழைய தலைமுறை மருந்துகளுக்கும் அதே எச்சரிக்கை வந்தது. இதனால் இந்த மருந்தைத் தொடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. தனக்கோ மற்றவர்களுக்கோ ஆபத்து என்கிற நிலையில், வேறெதுவும் பலிக்காதபோது, குறைந்த அளவில், குறிப்பிட்ட காலத்துக்கு நல்ல டாக்டர்களும் எழுதுவார்கள். கேள்வி என்னவென்றால், யார் எழுதுகிறார், குடும்பத்திடம் கேட்டுவிட்டு எழுதுகிறாரா, எத்தனை வாரத்தில் மறுபடி பார்த்து நிறுத்திப் பார்க்கிறார். உங்கள் ஞாயிற்றுக்கிழமை விசிட்டில், பகலில் அல்லது முன்மாலையில், ஹாலில் பாதிப்பேர் தலை தொங்கித் தூங்கிக்கொண்டு, வாயோரம் எச்சில் வழிந்துகொண்டு இருந்தால் அந்த இடம் "ரொம்ப அமைதியா இருக்கு" என்று சந்தோஷப்படாதீர்கள். டிமென்ஷியா காப்பகத்தில் கொஞ்சம் சத்தம், கொஞ்சம் நடமாட்டம் இருக்கத்தான் வேண்டும்.

வலியைப் பற்றியும் கேளுங்கள். வாய் திறந்து "வலிக்குது" என்று சொல்ல முடியாதவருக்கு வலி இருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று. மூச்சு, முனகல், முகச் சுளிப்பு, உடம்பை வைத்திருக்கும் விதம், சமாதானப்படுத்தினால் அடங்குகிறாரா என்கிற ஐந்தையும் பார்த்து 0 முதல் 10 வரை மதிப்பெண் போடும் பெயின்அட் என்கிற எளிய அளவுகோல் ஒன்று இருக்கிறது, எந்த உதவியாளருக்கும் சீக்கிரம் சொல்லிக்கொடுத்துவிடலாம். அந்தப் பெயர் தெரிந்திருக்க வேண்டும் என்று இல்லை. "குளிப்பாட்டும்போது இடுப்பைத் தொட்டா முகம் சுளிப்பாங்க, அதனால குளியலுக்கு அரை மணி முன்னாடியே வலி மாத்திரை கொடுத்துடுவோம்" என்கிற மாதிரி ஏதாவது ஒரு பதில் அவர்கள் வாயிலிருந்து வர வேண்டும். குளிக்க மாட்டேன் என்று அடிக்கிற பல பேருக்குப் பிரச்சினை மூட்டுவலிதான்.

கட்டிப்போடுவீர்களா என்று கேட்டால் எல்லோருமே இல்லை என்றுதான் சொல்வார்கள். கண்ணால் பாருங்கள். மணிக்கட்டில் தடம், நாற்காலியோடு சேர்த்துக் கட்டிய துணி, எழுந்திருக்க முடியாதபடி முன்னால் பலகை பூட்டிய நாற்காலி, ஆழமாகச் சாய்த்து வைத்துத் தானாக எழ முடியாமல் செய்த சோபா, எல்லாமே கட்டிப்போடுவதுதான். விழாமல் இருக்கத்தானே என்பார்கள். கட்டி வைத்தால் தசை போய்விடும், பலவீனமாகி இன்னும் மோசமாக விழுவார்கள், படுக்கைப்புண் வரும். கட்டிலின் பக்கக் கம்பியும் அப்படித்தான், குழப்பத்தில் அதன் மேல் ஏறிக் குதிக்கப்போய் இன்னும் உயரத்திலிருந்து விழுவார்கள், நடுவே சிக்கியும் போவார்கள். தரையோடு தாழ்த்தக்கூடிய கட்டில், கீழே ஒரு மெத்தை, எழுந்தால் ஒலிக்கும் மணி, இவையெல்லாம் இருக்கிற இடம் யோசித்துச் செய்கிற இடம். "எங்க இடத்துல யாருமே விழுந்ததில்லை" என்று ஒரு மேனேஜர் சொன்னால் நான் நம்ப மாட்டேன். நடக்க விடும் இடத்தில் சிலர் விழத்தான் செய்வார்கள், விழுந்தால் எழுதி வைக்கிறார்களா, ஏன் என்று பார்க்கிறார்களா, அன்றைக்கே வீட்டுக்குச் சொல்கிறார்களா என்பதுதான் விஷயம்.

ஆட்கள் எத்தனை என்று கேட்கும்போது மொத்தக் கணக்கு வாங்காதீர்கள். "40 பேர் ஸ்டாஃப்" என்பார்கள், அதில் சமையல், வாட்ச்மேன், அக்கவுண்ட்ஸ் எல்லாம் சேர்ந்திருக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு இந்த மாடியில் கண் விழித்து இருப்பது எத்தனை பேர், அவர்கள் எத்தனை பேரைப் பார்க்கிறார்கள், நர்ஸ் இருக்கிறாரா அல்லது போனில் கூப்பிட வேண்டுமா, அவ்வளவுதான் கேள்வி. உங்கள் அம்மா ராத்திரியில் கிளம்புகிறவர், உங்களுக்கு ராத்திரிக் கணக்குதான் முக்கியம். அப்புறம், மேனேஜர் அந்தப் பக்கம் போனதும் ஒரு உதவியாளரிடம் சாதாரணமாக, "நீங்க எவ்வளவு நாளா இங்க இருக்கீங்க?" என்று கேளுங்கள், இரண்டு மூன்று பேரிடம் கேளுங்கள். எல்லோரும் போன மாதம்தான் சேர்ந்தேன் என்றால் அங்கே ஆட்கள் நிலைப்பதில்லை. ஞாபகம் போனவர்களுக்குப் பழகிய முகம், பழகிய குரல்தான் பிடிமானம், அது மாதா மாதம் மாறினால் தினம் தினம் அந்நியர்கள் வந்து துணியைக் கழற்றுகிற மாதிரிதான் இருக்கும் அவர்களுக்கு.

எனக்குப் பிடித்த கேள்வி ஒன்று உண்டு. ஹாலில் யாராவது ஒருவரைக் கண்ணால் காட்டி, "இவங்க முன்னாடி என்ன வேலை பார்த்தாங்க?" என்று உதவியாளரிடம் கேட்பது. நோய் என்ன, மாத்திரை என்ன என்று கேட்கக் கூடாது, அது அவர்களின் அந்தரங்கம். பெயர்கூட வேண்டாம். ஆனால் "அவங்க டீச்சர், சத்தமா இருந்தா 'சைலன்ஸ்'னு சொல்வாங்க, நாங்க எல்லாரும் கை கட்டி உட்கார்ந்துடுவோம்" என்று சிரித்துக்கொண்டு ஒரு பதில் வந்தால் அங்கே ஆளை ஆளாகப் பார்க்கிறார்கள். "தெரியலைங்க, டயாப்பர் கேஸ்" என்று வந்தால் அதுவும் தெரிந்துவிட்டது. இங்கிலாந்தில் டாம் கிட்வுட் என்ற உளவியலாளர் 1980களிலும் 90களிலும் பிடிவாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான். நோய் மூளையைக் கெடுப்பது பாதி, சுற்றியிருப்பவர்கள் குழந்தை மாதிரி நடத்துவது, தலைக்கு மேல் பேசுவது, ஏமாற்றுவது, அவசரப்படுத்துவது இவையெல்லாம் சேர்ந்து ஆளைக் கெடுப்பது மீதி என்றார். உலகம் முழுக்க இன்று காப்பகங்கள் விளம்பரத்தில் போட்டுக்கொள்ளும் "நபரை மையமாகக் கொண்ட பராமரிப்பு" என்கிற வார்த்தை அவரிடமிருந்து பரவியதுதான். விளம்பரத்தில் போடுவது சுலபம்.

மொழியையும் கவனியுங்கள். வாழ்க்கையின் நடுவில் கற்ற மொழி முதலில் நழுவி, குழந்தையில் பேசிய மொழிக்குத் திரும்புவது டிமென்ஷியாவில் அடிக்கடி நடக்கிற ஒன்று. வேற்று மொழிச் சூழலில் வாழ்கிறவர்கள் இதை நினைத்துப் பார்ப்பதே இல்லை, "அம்மா எல்லா மொழியும் நல்லாப் பேசுவாங்களே" என்பார்கள். இன்னும் இரண்டு வருடத்தில் பேச முடியாமல் போகலாம். தாய்மொழியில் நாலு வார்த்தை பேச ஒரு ஷிஃப்டுக்கு ஒருவராவது இருக்கிறாரா என்று பாருங்கள். இல்லாவிட்டால், தாகம், வலி, பாத்ரூம், பயம் ஆகியவற்றுக்கு அம்மா பயன்படுத்தும் வார்த்தைகளை எழுதி ஒட்டிவைக்க ஒப்புக்கொள்கிறார்களா என்றாவது பாருங்கள்.

சாப்பாட்டு நேரம். மெனு கார்டைப் படிக்க வேண்டாம், ஊட்டுவதைப் பாருங்கள். உதவியாளர் பக்கத்தில் உட்கார்ந்து, முகம் பார்த்து, ஒரு வாய் விழுங்கிய பிறகு அடுத்த வாய் கொடுக்கிறாரா, நின்றுகொண்டே மூன்று பேருக்கு மாறி மாறித் திணிக்கிறாரா? முற்றிய நிலையில் ஒரு வேளைச் சாப்பாடு முக்கால் மணி நேரம் ஆகும். அந்த நேரத்துக்கு ஆள் இல்லாத இடத்தில் இரண்டில் ஒன்று நடக்கும், ஒன்று பாதித் தட்டோடு எடுத்துப் போய்விடுவார்கள், அல்லது அவசரமாக ஊட்டி மூச்சுக்குழாயில் இறங்கி நிமோனியா வரும். நிமிர்ந்து உட்கார வைத்துத்தான் ஊட்ட வேண்டும், ஊட்டி முடித்து அரை மணி நேரமாவது படுக்க வைக்கக் கூடாது. இந்த ஒன்றைக் கடைப்பிடிக்கிறார்களா என்பது பார்த்தாலே தெரியும். எடை ரெஜிஸ்டர் இருக்கிறதா என்று கேளுங்கள், மாதம் ஒரு தடவையாவது எடை பார்க்க வேண்டும். ஒரு மாதத்தில் 5 சதவீதம், ஆறு மாதத்தில் 10 சதவீதம் குறைந்தால் கவலைப்பட வேண்டும் என்பது பொதுவாக ஏற்றுக்கொண்ட அளவு, 50 கிலோ இருப்பவருக்கு அது இரண்டரை கிலோவும் ஐந்து கிலோவும். இன்னொரு சின்ன விஷயம், வெள்ளைத் தட்டில் வெளிறிய நிறச் சாப்பாட்டை வைத்தால் இவர்கள் கண்ணுக்குப் பாதி தெரியாது. 2004ல் போஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முற்றிய அல்சைமர் நோயாளிகளுக்குப் பளிச்சென்ற சிவப்புத் தட்டும் டம்ளரும் கொடுத்துப் பார்த்தபோது சாப்பிட்ட அளவு சுமார் 25 சதவீதம் கூடியது. சின்ன ஆய்வுதான், ஆனால் செலவில்லாத வைத்தியம், அதைக்கூடச் செய்து பார்த்திருக்கும் இடம் என்றால் யாரோ ஒருவர் அங்கே யோசிக்கிறார். விழுங்க முடியாமல் போகும் கடைசிக் கட்டத்தில் மூக்கிலோ வயிற்றிலோ குழாய் போடலாமா என்ற பேச்சு வரும். அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் முற்றிய டிமென்ஷியாவில் குழாய் வேண்டாம், பொறுமையாகக் கையால் ஊட்டுவதே மேல் என்கிறது, குழாய் போட்டால் ஆயுள் கூடுவதாகவோ நிமோனியா தடுக்கப்படுவதாகவோ தெரியவில்லை. சில காப்பகங்கள் வேலை மிச்சம் என்பதற்காகவே குழாய் போட்டுக்கொண்டு வரச் சொல்லும். அந்தக் கொள்கையை இப்போதே கேட்டுவிடுங்கள்.

டயாப்பர் விஷயமும் இதே ரகம்தான். அம்மா இன்னும் சொல்லிவிட்டுப் பாத்ரூம் போகிறார் என்றால், சேர்த்த முதல் நாளே டயாப்பர் மாட்டுவார்களா அல்லது இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை அழைத்துப் போவார்களா? முதல் வகையில் சில வாரத்திலேயே அந்தப் பழக்கம் போய்விடும், திரும்ப வராது. படுக்கையில் இருப்பவர்களில் யாருக்காவது படுக்கைப்புண் இருக்கிறதா, இருந்தால் வெளியிலிருந்து வரும்போதே இருந்ததா இங்கே வந்ததா என்று நர்ஸிடம் கேளுங்கள். நேராகப் பதில் சொல்கிறவரை நம்பலாம்.

கட்டடத்தைப் பற்றிக் கடைசியில்தான் சொல்கிறேன், அதற்கே காசு அதிகம் வாங்குகிறார்கள் என்றாலும். பளிங்கு மாதிரி மின்னும் தரை நமக்கு அழகு, இவர்கள் கண்ணுக்கு அது தண்ணீர் தேங்கிய மாதிரி தெரியும், கால் வைக்கப் பயப்படுவார்கள். வாசலில் போட்ட கறுப்பு மிதியடி குழியாகத் தெரியும். சிலருக்குக் கண்ணாடியில் தெரிவது யாரோ அந்நியர். வேண்டியது நல்ல வெளிச்சம், கட்டிலிலிருந்து பார்த்தால் தெரிகிற பாத்ரூம் கதவு, அந்தக் கதவுக்கு ஒரு தனி நிறம், முட்டி நிற்காமல் சுற்றி வரக்கூடிய ஒரு நடைபாதை, பூட்டு இருப்பது தெரியாத பாதுகாப்பான வெளிக்கதவு, தினமும் நிஜமாகவே போக விடுகிற ஒரு திறந்தவெளி. தோட்டம் இருக்கும், அதற்குச் சாவி ஆபீஸில் இருக்கும், அப்படியும் இடங்கள் உண்டு. ஒரு மூலையில் மூத்திர வாடை அடித்தால் அது இப்போதுதான் நடந்த விபத்து. கட்டடம் முழுக்க அடித்தாலோ, அதை மறைக்க ரூம் ஸ்பிரே தலைவலிக்கிற அளவுக்கு அடித்திருந்தாலோ சரியில்லை. நெதர்லாந்தில் 2009ல் திறந்த ஹோகவேய் என்கிற டிமென்ஷியா கிராமத்தின் படங்களை அனுப்பி "இந்த மாதிரி இடம் இருக்கா" என்று கேட்காதவர்கள் குறைவு. கடை, தெரு, சதுக்கம் எல்லாம் படத்தில் நன்றாக இருக்கும். ஆனால் அங்கே எனக்குப் பொறாமையாக இருப்பது வேறு, ஒரு வீட்டில் ஆறேழு பேர் மட்டும், அதே பணியாளர்களோடு, வீட்டுக்குள்ளேயே சமைத்துச் சாப்பிட்டு இருப்பது. அதைச் செய்யத் தெரு கட்ட வேண்டியதில்லை.

சுவரில் ஒட்டியிருக்கும் வாராந்திர நிகழ்ச்சிப் பட்டியலை நான் படிப்பதே இல்லை. துணி மடிக்க, காய் ஆய, செடிக்குத் தண்ணீர் ஊற்ற யாரையாவது விட்டிருக்கிறார்களா, படுத்தே இருப்பவர்களிடம் ஒரு நாளில் யாராவது உட்கார்ந்து பேசுகிறார்களா, அது போதும்.

சரி, ஒப்பந்தம். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் வீட்டுக்கு எடுத்து வந்து படியுங்கள், அதில் எந்தச் சூழ்நிலையில் உங்கள் அம்மாவை வெளியே அனுப்புவார்கள் என்ற பகுதியை இரண்டு முறை படியுங்கள். "நடத்தையில் பிரச்சினை இருந்தால்" என்று பொதுவாக எழுதியிருந்தால் ஆபத்து, டிமென்ஷியாவே நடத்தையில் பிரச்சினைதானே. எத்தனை நாள் முன்னறிவிப்பு, ஆஸ்பத்திரியில் சேர்த்தால் கட்டிலை வைத்திருப்பார்களா, அப்போதும் முழுக் கட்டணமா, படுக்கையானால் கட்டணம் எவ்வளவு ஏறும், டயாப்பர், மருந்து, டாக்டர் விசிட், பிசியோதெரபி எல்லாம் உள்ளே சேர்ந்ததா தனியா, பாதியில் எடுத்துக்கொண்டால் முன்பணம் திரும்ப வருமா. கடைசிக் காலம் வரை அங்கேயே வைத்துப் பார்ப்பார்களா, அல்லது மூச்சு வாங்க ஆரம்பித்ததும் ஆம்புலன்ஸில் ஏற்றி ஐசியூவுக்கு அனுப்பிவிடுவார்களா என்பதையும் இப்போதே கேளுங்கள், கேட்கக் கூச்சமாக இருக்கும், கேளுங்கள். அந்த இடம் சட்டப்படி பதிவு பெற்றதா, அரசு ஆய்வறிக்கை ஏதாவது பொதுவில் கிடைக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். ஆய்வறிக்கை நல்லதாக இருந்தால் இடம் நல்லது என்று ஆகிவிடாது, மோசமாக இருந்தால் மட்டும் நம்புங்கள். பணம், மருத்துவ முடிவு ஆகியவற்றுக்கு உங்களுக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரங்களை, அம்மாவால் புரிந்து கையெழுத்துப் போட முடிகிற நிலை இன்னும் இருந்தால் இந்த வாரமே முடியுங்கள், அந்த நிலை போனபிறகு நீதிமன்றம் வரை அலைய வேண்டிவரும்.

சேர்க்கும்போது ஃபைலில் அறிக்கைகளோடு ஒரு பக்கம் நீங்களே எழுதிக் கொடுங்கள், எந்தப் பேரில் கூப்பிட்டால் திரும்புவார், எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பார், எதைக் கண்டால் பயம், கோபம் வந்தால் எந்தப் பாட்டு, குளியல் காலையிலா சாயங்காலமா, இறந்துபோன யாரைத் தேடுவார், அப்போது வீட்டில் என்ன சொல்லிச் சமாளித்தீர்கள். பெரிய எழுத்தில், ஒரே பக்கம், ராத்திரி டியூட்டிக்குப் புதிதாக வருகிறவர் ரெண்டு நிமிஷத்தில் படிக்கிற மாதிரி. மூக்குக் கண்ணாடி, காது மெஷின், பல்செட், துணி எல்லாவற்றிலும் பேர் எழுதுங்கள், தொலைந்துபோகும். காது மெஷின் பேட்டரி போனதால் "இப்பல்லாம் எதுவுமே புரியறதில்லை" என்று முடிவு கட்டப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். நகை போட்டு அனுப்பாதீர்கள்.

முடிந்தால் ஒன்றிரண்டு வாரம் தற்காலிகமாக விட்டுப் பாருங்கள், பல இடங்கள் இதற்கு ஒத்துக்கொள்ளும். ஆனால் முதல் சில வாரங்களை வைத்து இடத்தை எடைபோடாதீர்கள், எந்த நல்ல இடத்திலும் அழுவார், சாப்பாடு குறையும், குழப்பம் கூடும், உங்களைப் பார்த்ததும் கிளம்பப் பையை எடுப்பார். "ஒரு மாதம் நீங்க வராதீங்க, அப்பதான் செட் ஆவாங்க" என்று சில இடங்களில் விதியாகவே சொல்வார்கள். ஓரிரு நாள் இடைவெளி சிலருக்கு உதவும், ஒரு மாதம் கண்ணிலேயே காட்டாமல் இருப்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், பட்ட காயம் உங்கள் கண்ணில் படாமலேயே ஆறிப்போகவும் பழக்கம் மாறவும் அந்த ஒரு மாதம் போதும். வெவ்வேறு நாளில் வெவ்வேறு நேரத்தில் போய் வாருங்கள், கை கால்களைப் பாருங்கள், வாய்க்குள் பாருங்கள், எடையைக் கேளுங்கள், மருந்துச் சீட்டில் புதிதாக என்ன ஏறியிருக்கிறது என்று பாருங்கள். உதவியாளர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுங்கள், நன்றாகச் செய்ததை மேனேஜர் காதில் விழச் சொல்லுங்கள். சட்டை மாறிப்போனது, நகம் வெட்டவில்லை என்பதற்காகவெல்லாம் இடம் மாற்றாதீர்கள், ஒவ்வொரு இடமாற்றமும் அவரை ஒரு படி கீழே இறக்கும். காரணம் சொல்ல முடியாத காயம் இரண்டாவது தடவை வந்தால், எடை குறைந்ததை நீங்கள் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியிருந்தால், புது மாத்திரைக்குப் பிறகு எப்போது போனாலும் தூங்கிக்கொண்டே இருந்தால், ஒரு குறிப்பிட்ட ஆள் பக்கத்தில் வந்தால் மட்டும் உடம்பு நடுங்கினால், அப்போது யோசிக்காமல் மாற்றுங்கள்.

கூடப் பிறந்தவர்கள் இருந்தால், "காப்பகத்திலா விடப்போற?" என்று தூரத்திலிருந்து போனில் கேட்பவர் ஒருவர் கட்டாயம் இருப்பார். அவரோடு வாதாட வேண்டாம், ஒரு வாரம் வந்து ராத்திரி டியூட்டி பார்க்கச் சொல்லுங்கள், வர முடியாவிட்டால் அந்த ஞாயிற்றுக்கிழமை விசிட்டுக்காவது வரச் சொல்லுங்கள்.

நீங்கள் பார்த்த மூன்று இடங்களில் இரண்டு கிட்டத்தட்ட ஒன்றாகத்தான் வரும். அப்படி வந்தால் கட்டடமோ கட்டணமோ பார்க்காமல், அடிக்கடி போய்ப் பார்க்கப்போகிறவரின் வீட்டுக்கோ வேலையிடத்துக்கோ பக்கத்தில் இருப்பதை எடுங்கள். யாரோ ஒருவர் வந்துகொண்டே இருக்கிறார் என்று தெரிந்தால் எந்த இடத்திலும் கவனிப்பு கூடும், நல்லதோ கெட்டதோ, அது அப்படித்தான். நல்ல இடங்களில் காத்திருப்புப் பட்டியல் இருக்கும், இரண்டிலும் இன்றைக்கே பேர் கொடுத்து வையுங்கள், கட்டில் காலியானதும் ஓரிரு நாளில் முடிவு சொல்லச் சொல்வார்கள். அதுவரை வீட்டு வெளிக்கதவுக்குத் தலைக்கு மேலே ஒரு தாழ்ப்பாளும், திறந்தால் சத்தம் போடுகிற ஒரு மணியும் போட்டுவிடுங்கள். ஆனால் அம்மாவை உள்ளே தனியாக விட்டுப் பூட்டாதீர்கள், தீப்பிடித்தால் அவரால் திறக்க முடியாது. அம்மாவின் கையில் உங்கள் போன் நம்பர் எழுதிய வளையம் ஒன்றும் மாட்டிவிடுங்கள்.